வெளிநாட்டுப் பயணத்தில் போன் பில் எகிறுவது எங்கே?

சிங்கப்பூரிலிருந்து வெளிநாடு கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது மலிவான டேட்டாவைத்தான். பத்து வெள்ளிக்கு எத்தனை ஜிபி, எந்த இசிம் (அட்டை இல்லாமல் போனிலேயே நிறுவும் சிம்) மலிவு என்று அரைநாள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். திரும்பி வந்து பில்லைப் பார்த்தால் அடி விழுந்திருப்பது வேறு இடத்தில். காசு கொடுத்து வாங்கிய பேக் ஒரு பக்கம் மிச்சமிருக்கும். கவனிக்காமல் விட்ட இன்னொரு சிம் மறுபக்கம் டேட்டா இழுத்திருக்கும். ஆகவே பேக்கைப் பற்றி யோசிக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: டேட்டாவுக்கு எந்த சிம், வங்கி ஓடிபி வர எந்த சிம், அழைப்பை எடுக்க எந்த சிம். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இது தெளிவில்லாததால் வருபவை.

ரோமிங்கை ஒரே பொத்தான் என்று நினைப்பது

ரோமிங் என்பது ஒரு நாட்டு சிம் வேறு நாட்டு நெட்வொர்க்கில் ஓடுவது. "வெளிநாட்டில் டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்துவிடு" என்ற பழைய அறிவுரை ஒரு சிம் மட்டும் இருந்த காலத்துக்குச் சரி. இப்போது போனில் சிங்கப்பூர் சிம் ஒன்று, பயண இசிம் ஒன்று என இரண்டு இருக்கும். ரோமிங் பொத்தானும் சிம்முக்கு ஒன்றாக இரண்டு இருக்கும்.

பயண இசிம் பெரும்பாலும் நீங்கள் போகும் நாட்டு நிறுவனத்துடையது அல்ல. வேறெங்கோ பதிவான சிம், ஜப்பானிலோ தாய்லாந்திலோ உள்ளூர் நிறுவனத்தின் கோபுரத்தில் விருந்தாளியாகத்தான் ஓடும். அதற்கு டேட்டா ரோமிங் ஆனில் இருந்தே ஆக வேண்டும். இது தெரியாமல் இரண்டு சிம்மிலும் ஆஃப் செய்துவிட்டு, "இசிம் வேலை செய்யவில்லை" என்று விமான நிலையத்தில் தவிப்பவர்கள் நிறைய. பதற்றத்தில் இரண்டிலும் ஆன் செய்துவிடுவார்கள். பில் எகிறத் தொடங்குவது அந்த நொடியில்.

சரியான வரிசை இதுதான். செட்டிங்ஸில் மொபைல் டேட்டா பகுதிக்குப் போய், டேட்டா எந்த சிம்மில் ஓட வேண்டும் என்ற இடத்தில் பயண இசிம்மைத் தேர்ந்தெடுங்கள். அந்த சிம்மின் பக்கத்தைத் திறந்து டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். பிறகு சிங்கப்பூர் சிம்மின் பக்கத்தைத் தனியே திறந்து, அங்கே டேட்டா ரோமிங் ஆஃப் ஆக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஐபோனில் மொபைல் டேட்டா ஸ்விட்சிங் என்று ஒரு பொத்தான் உண்டு. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் ஆட்டோ டேட்டா ஸ்விட்ச் என்ற பெயரில் இருக்கும். டேட்டாவை ஒரு சிம்மிலிருந்து மற்றதற்குத் தானாக மாற்றும் வசதி அது. வீட்டில் நல்லது, பயணத்தில் அணைத்துவிடுங்கள்.

இசிம்மை வீட்டு வைஃபையில் உட்கார்ந்து நிறுவுங்கள், இறங்கிய பிறகு அல்ல. நிறுவவே இணையம் வேண்டும். *#06# அழுத்தினால் இஐடி என்ற எண் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் போனில் இசிம் ஓடாது. இன்னொன்று, பெரும்பாலான க்யூஆர் குறியீடுகள் ஒரே ஒரு முறைதான் செல்லும். சிக்னல் வரவில்லையே என்று இசிம்மை அழித்துவிட்டு மீண்டும் ஸ்கேன் செய்யப் போனால் முதலுக்கே மோசம். அழிக்காதீர்கள். போனை அணைத்துப் போடுங்கள், ரோமிங் பொத்தானைப் பாருங்கள், அதற்கும் சரிவராவிட்டால் விற்றவர் அனுப்பிய மின்னஞ்சலில் உள்ள ஏபிஎன் (சிம்மை இணையத்துடன் இணைக்கும் அமைப்பு) பெயரை எழுத்துப் பிசகாமல் உள்ளிடுங்கள்.

ஜோகூர் போவதைப் பயணமாகவே எண்ணாதது

உட்லண்ட்ஸ் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். வாரக்கடைசியில் பேருந்து அதில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது போன் நடுவிலேயே மலேசிய நிறுவனத்துக்குத் தாவும், மீண்டும் சிங்கப்பூருக்கு வரும், மறுபடி தாவும். பையில் கிடக்கும் போன் அந்த நேரத்தில் புகைப்படங்களைக் காப்புநகல் எடுத்துக்கொண்டிருக்கலாம். பேக் இல்லாத ரோமிங்கில் டேட்டா கணக்கு ஜிபியில் நடப்பதில்லை, கேபியிலும் எம்பியிலும் நடக்கும். பில் எகிறச் சில நிமிடங்களே போதும்.

எல்லையைத் தாண்டாமலேயே இது நடக்கும். புலாவ் ஊபின், செம்பவாங் கடலோரம், உட்லண்ட்ஸ் நீர்முகப்பு போன்ற இடங்களில் மலேசியச் சிக்னல் வலுவாக இருந்தால் போன் அதைப் பிடித்துக்கொள்ளும். அங்கே வசிப்பவர்களும் அடிக்கடி போகிறவர்களும் நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாற்றி, தங்கள் சிங்கப்பூர் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்து வைப்பதே பாதுகாப்பு. பிறகு மலேசியா போகும்போது அதைத் திரும்ப ஆட்டோமேட்டிக்குக்கு மாற்ற மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் அங்கே சிக்னலே கிடைக்காது.

இப்போது சிங்கப்பூர் மாதாந்தரத் திட்டங்கள் பலவற்றில் மலேசிய ரோமிங் டேட்டா சேர்ந்தே வருகிறது. அது தெரியாமல் தனியாகப் பேக் வாங்குபவர்கள் ஒரு பக்கம். எல்லா நாட்டுக்கும் சேர்ந்தது என்று நம்பி இந்தோனேசியாவின் பாத்தாமில் இறங்குபவர்கள் மறுபக்கம். நாட்டுப் பட்டியலையும், அந்த நாட்டில் எந்த நிறுவனத்தின் நெட்வொர்க்கில் பேக் செல்லும் என்பதையும் உங்கள் நிறுவனத்தின் செயலியில் பாருங்கள். சில பேக்குகள் குறிப்பிட்ட கூட்டு நிறுவனத்தில் மட்டுமே செல்லும்.

எடுக்காத அழைப்புக்குக் காசு கொடுப்பது

வெளிநாட்டில் நீங்கள் இருக்கும்போது உங்கள் சிங்கப்பூர் எண்ணுக்கு ஒருவர் அழைக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு அது உள்ளூர் அழைப்பு. சிங்கப்பூரிலிருந்து நீங்கள் இருக்கும் இடம் வரை அதைக் கொண்டுவரும் செலவு உங்கள் தலையில். எடுத்தால்தான் கட்டணம் என்று நினைத்து எடுக்காமல் விடுகிறீர்கள். வாய்ஸ்மெயில் இருந்தால் அந்த அழைப்பு வெளிநாட்டு நெட்வொர்க்கிலிருந்து மீண்டும் சிங்கப்பூர் வாய்ஸ்மெயிலுக்குத் திருப்பி அனுப்பப்படலாம். போனதற்கு ஒரு கட்டணம், திரும்பி வந்ததற்கு இன்னொன்று. நீங்கள் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டீர்கள்.

கிளம்பும் முன், சிங்கப்பூரில் இருக்கும்போதே, ##002# என்று டயல் செய்தால் எல்லா அழைப்புத் திருப்பல்களும் ரத்தாகும். வாய்ஸ்மெயில் சேவையையும் நிறுவனத்திடம் சொல்லி நிறுத்திவிடலாம்.

பேச வாட்ஸ்அப் போதும். புது சிம் போட்டதும் "எண்ணை மாற்றவா?" என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பழைய எண்ணிலேயே தொடரும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பகுதியில் அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்ற பொத்தானை ஆன் செய்துவையுங்கள். வீட்டில் பாட்டி தாத்தா போனில் வெளிநாட்டு அழைப்புகளைத் தடுக்கும் சேவை போட்டிருந்தால், நீங்கள் போன நாட்டு சிம்மிலிருந்து சாதாரணமாக அழைக்கும் அழைப்பு அவர்களுக்குப் போகாது. மோசடி அழைப்புகளைத் தடுக்கப் பலர் போட்டிருக்கிறார்கள். போகும் முன் சொல்லி வைப்பது நல்லது.

ஒரு நாள் பேக்கின் நாள் எது என்று பார்க்காதது

ஒரு நாள் பேக் இரண்டு வகை. ஒன்று, முதல் பைட் ஓடிய நேரத்திலிருந்து 24 மணி நேரம். மற்றது நாட்காட்டி நாள், அதுவும் சிங்கப்பூர் நேரப்படி. இந்த இரண்டாவது வகையில்தான் ஊருக்குப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். திருச்சியில் இரவு 8 மணிக்கு இறங்கிப் பேக்கை இயக்கினால் சிங்கப்பூரில் அப்போது 10:30. நள்ளிரவுக்கு ஒன்றரை மணி நேரம்தான் மிச்சம். திருச்சியில் 9:30 ஆகும்போது இரண்டாம் நாள் கட்டணம் தொடங்கிவிடும். அன்றிரவு மாமா வீட்டு வைஃபை இருந்தால் பேக்கை மறுநாள் காலையில் தொடங்குவதே லாபம்.

"அன்லிமிடெட்" என்ற சொல்லை நம்புவது

வரம்பற்ற டேட்டா என்று விற்கப்படும் பேக்குகள் பலவற்றில் ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட ஜிபி வரைதான் முழு வேகம். அதற்குப் பிறகு வேகம் மிகவும் கீழே இறங்கும். 128 கேபிபிஎஸ் என்று போட்டிருந்தால் என்ன பொருள்? 3 எம்பி புகைப்படம் ஒன்றை அனுப்ப மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். வரைபடம் நகராது. வாங்கும்போது பக்கத்தின் அடியில் இருக்கும் சிறிய எழுத்தில் இந்த எண்ணைத் தேடுங்கள்.

குடும்பமாகப் போகிறவர்கள் நான்கு பேருக்கும் நான்கு பேக் வாங்குவது பெரும்பாலும் வீண். ஒருவர் பெரிய பேக் எடுத்து ஹாட்ஸ்பாட்டில் பகிரலாம். ஹாட்ஸ்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று மட்டும் முதலில் பாருங்கள். அந்த ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினி சேர்ந்தால் வைஃபைதானே என்று அப்டேட்களை இழுக்கத் தொடங்கும். விண்டோஸில் அந்த இணைப்பை மீட்டர்டு கனெக்ஷன் என்று குறித்துவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸ் எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை எடுக்கும். பிள்ளைகள் பார்க்கும் படங்களை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். கூகல் வரைபடத்தில் போகும் நகரத்தை ஆஃப்லைனில் சேமித்தால் வாகன வழி காட்டும். ரயில், பேருந்து நேரங்களுக்கு இணையம் வேண்டும்.

சிங்கப்பூர் சிம்மைக் கழற்றிப் பெட்டியில் வைப்பது

உள்ளூர் சிம் போட இடமில்லை என்று சிங்கப்பூர் சிம்மைக் கழற்றிவிடுவார்கள். அன்று மாலை வங்கிக் கார்டில் ஓர் அறை பதிவு செய்யப் போனால் ஓடிபி வராது. ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. டேட்டா ரோமிங் ஆஃபில் இருந்தாலும் எஸ்எம்எஸ் வரும். ஆகவே சிம் போனிலேயே இருக்கட்டும்.

இதைவிட உறுதியான வழி வங்கியின் டிஜிட்டல் டோக்கன், அதாவது வங்கிச் செயலியிலேயே ஒப்புதல் தரும் வசதி. அதற்கு எஸ்எம்எஸ்ஸே வேண்டாம், எந்த இணையமும் போதும். டிஜிட்டல் டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு வங்கிக் கணக்கில் நுழைய ஓடிபி அனுப்புவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2024 ஜூலையிலேயே சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்தன. ஆனால் புதுப் போனில் டோக்கனை ஏற்றினால் அது இயங்கக் குறைந்தது 12 மணி நேரம் ஆகும். மோசடியைத் தடுக்கவே இந்தக் காத்திருப்பு. கிளம்பும் நாளில் போன் மாற்றாதீர்கள், வங்கிச் செயலியை அழித்து மீண்டும் போடாதீர்கள்.

பிரிபெய்டு அட்டை வைத்திருக்கும் ஊழியர்களுக்கு இது இன்னும் முக்கியம். இரண்டு மாத விடுப்பில் ஊருக்குப் போய் வருவதற்குள் அட்டையின் காலம் முடிந்தால் எண் போய்விடும். சிங்பாஸ், வங்கி, பேநவ் எல்லாம் அந்த எண்ணில்தான் கட்டப்பட்டிருக்கும். தேக்காவில் பெட்டி கட்டும் நாளிலேயே அட்டையை டாப்-அப் செய்து, காலாவதி நாள் நீங்கள் திரும்பும் தேதியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். எண் வீணாகாமல் இருக்க நண்பரிடம் சிம்மைக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். குற்றத்துக்குப் பயன்படும் என்று தெரிந்தோ, அப்படிச் சந்தேகிக்கக் காரணமிருந்தோ சிங்கப்பூர் சிம்மைப் பிறருக்குக் கொடுப்பது 2025 ஜனவரி 1 முதல் இங்கே குற்றம். அவர் அதை என்ன செய்வார் என்பது உங்கள் கையில் இல்லை.

இதே கவலை இந்திய எண்ணுக்கும் உண்டு. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் இந்திய நிறுவனங்கள் எண்ணை முடக்கலாம்.

எல்லா நாட்டுக்கும் ஒரே வழி

இந்தியாவில் நீண்ட நாள் தங்குகிறீர்கள் என்றால் உள்ளூர் சிம்தான் மலிவு. ஆனால் வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்குக் கடப்பிதழ், விசா, புகைப்படம் எல்லாம் கேட்பார்கள், சிம் உயிர்பெறச் சில மணி நேரம் ஆகலாம். முதல் இரவுக்கு ஒரு சிறிய ரோமிங் பேக்கோ இசிம்மோ இருக்கட்டும். விமான நிலைய வைஃபையை நம்பாதீர்கள், அதற்கே ஓடிபி கேட்கும். டேட்டா மட்டும் தரும் பயண இசிம்மில் இந்திய எண் இருக்காது. உள்ளூர் எண் கேட்கும் செயலிகள் அதில் திறக்காது.

சீனாவில் கதை நேர்மாறு. அங்கே உள்ளூர் சிம் மலிவாகக் கிடைத்தாலும் வாட்ஸ்அப், கூகல் எதுவும் திறக்காது. ரோமிங் டேட்டா சொந்த நாட்டு நெட்வொர்க் வழியாகத் திரும்பி வருவதால் சிங்கப்பூர் ரோமிங்கிலும் வெளிநாட்டு இசிம்மிலும் அவை வழக்கம்போல ஓடும். ஓட்டல் வைஃபையில் ஓடாது.

கப்பலில் ஏறினால் துறைமுகம் மறையும் முன்பே ஏர்பிளேன் மோடைப் போடுங்கள். நடுக்கடலில் போன் பிடிப்பது செயற்கைக்கோள் வழி இயங்கும் கப்பல் நெட்வொர்க். நாட்டுக்கான எந்த ரோமிங் பேக்கும் அதில் பொதுவாகச் செல்லாது. இதில் வரும் பில்தான் எல்லாவற்றிலும் மோசம்.

சாங்கியில் இறங்கியதும் டேட்டாவைச் சிங்கப்பூர் சிம்முக்கு மாற்றுங்கள், இசிம்மை அணையுங்கள், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ரோமிங் பேக் இருந்தால் ரத்து செய்யுங்கள். வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து ரோமிங் கணக்கு தாமதமாகவே வந்து சேரும் என்பதால் அந்த மாத பில்லோடு நிற்காமல் அடுத்த மாத பில்லையும் வரி வரியாகப் பாருங்கள். புரியாத கட்டணம் இருந்தால் தேதியையும் நாட்டையும் குறித்துக்கொண்டு பணம் கட்டும் கெடுவுக்கு முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பேக் வாங்கியபோது வந்த எஸ்எம்எஸ்ஸை அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.