புத்தகம் கேட்டு வரும் பிள்ளையிடம் "எத்தனாவது படிக்கிறே?" என்று ஆரம்பிக்காதீர்கள்

எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில்தான் வாசிப்பு மூலை நடக்கிறது. போன மாதம் அங்கே புதிதாக உதவிக்கு வந்த பெண், புத்தகம் கேட்டு வந்த ஓர் அம்மாவிடம் எடுத்த எடுப்பில் "பையன் எத்தனாவது?" என்று கேட்டார். அஞ்சாவது என்றதும் நேராக அலமாரிக்குப் போய் அஞ்சாவதுக்கு என்று அடுக்கியிருந்ததில் ஒன்றை உருவிக் கொடுத்துவிட்டார். பையன் பக்கத்திலேயேதான் நின்றான், அவனிடம் ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சுருக்கென்றது. பத்து வருடம் முன்னால் நானும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

படிக்காத புத்தகத்தைப் பரிந்துரைக்கக் கூடாது என்பதெல்லாம் ஒருவர் எழுதித் தெரிய வேண்டிய விஷயமில்லை. அதை விட்டுவிட்டு, நான் கையைச் சுட்டுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

பின்னட்டையில் போட்டிருக்கும் வயதை நம்புவது

சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு புது சிறார் நாவல் கண்ணில் பட்டது. 120 பக்கம், பின்னட்டையில் '10 வயதுக்கு மேல்'. நின்றபடியே பாதி படித்துவிட்டேன், அவ்வளவு நல்ல கதை. ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வாசிப்பு வட்டம் ஆரம்பித்துத் தரக் கேட்டிருந்தார்கள், நானும் யோசிக்காமல் இருபது பிரதி வாங்கினேன். 120 ரூபாய் புத்தகம், பத்து சதவீதக் கழிவு போக 2160 ரூபாய், என் கைக்காசு.

மூன்று வாரம் கழித்துப் போனால் எல்லாப் பிரதியும் புத்தம் புதிதாக இருந்தன. ஒருவனுடையதில் மட்டும் நாலாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் அடையாளம் வைத்திருந்தது. அந்தப் பையன் முந்தின நாள் மேட்சில் ஒருத்தன் எப்படி போல்டு ஆனான் என்பதைக் கால் மணி நேரம் சொல்வான், நேரில் பார்த்தது மாதிரி இருக்கும், தமிழ் அப்படிப் புரளும். சரி, கொஞ்சம் வாசித்துக் காட்டு என்றேன். 'கொண்டுவந்திருக்கிறாள்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டான். பதினோரு எழுத்து. கொ... ண்... டு... என்று ஒவ்வொன்றாகக் கோத்துக் கடைசி 'ள்'ளுக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோயிருந்தது. இதே சொல்லை வீட்டில் 'கொண்டாந்திருக்கா' என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிறவன் அவன்.

பின்னட்டை வயது கதைக்குப் போட்டது, பிள்ளையின் மனசுக்குப் போட்டது. கண்ணும் நாக்கும் எழுத்துத் தமிழுக்கு எவ்வளவு பழகியிருக்கின்றன என்பதற்கு அதில் கணக்கே இல்லை. நாம் பேசுவது ஒரு தமிழ், அச்சில் வருவது இன்னொன்று. ஆங்கில வழியில் படித்து, தமிழைப் பாடப் புத்தகத்தில் மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு இந்த இடைவெளி இன்னும் அதிகம். மனசு பத்து வயசு, வாசிப்பு ஆறு வயசு.

இது புரிந்ததும் அடுத்த முட்டாள்தனத்தைச் செய்தேன். அதே பையனிடம், நண்பர்கள் பார்க்க, பக்கத்துக்கு ஒரு வரி இருக்கிற யானைக்குட்டிக் கதையை நீட்டினேன். "இது பாப்பா புக்கு சார்" என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவன், அப்புறம் வரவேயில்லை. பணம் போனதுகூட எனக்குப் பெரிதில்லை, தமிழ்ப் புத்தகம் என்றாலே ஒன்று கஷ்டம், இல்லாவிட்டால் அவமானம் என்று அவனுக்கு நானே சொல்லிக்கொடுத்துவிட்டேன், அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து "கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன், ஒரு அஞ்சு வரி வாசியேன்" என்பேன். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருக்கும். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, அஞ்சு விரலும் மடங்கினால் புத்தகம் கடினம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள், தமிழுக்கு அது அப்படியே சரிவராது. இங்கே சொல் தெரியாமல் தடுக்குவதில்லை, தெரிந்த சொல்லே நீளமாகச் சேர்ந்து நிற்கும்போதுதான் அடையாளம் தெரியாமல் போகிறது. அதனால் அஞ்சு வரி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு என்ன நடந்தது என்று கேட்பேன். சொல்லிவிட்டால் அந்தப் புத்தகம் அவனுக்கு. எழுத்தைக் கூட்டுவதிலேயே மூச்சு வாங்கி, கதை தெரியாமல் முழித்தால் வேறு எடுக்க வேண்டும்.

வேறு என்றால், விஷயம் அவன் வயசுக்கும் வரி அவன் வாசிப்புக்கும் இருக்க வேண்டும். பாம்பு, விண்வெளி, படக்கதை, பேச்சுத் தமிழில் உரையாடல் வரும் சின்னக் கதைகள். பள்ளிக் கல்வித் துறை 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்துப் புத்தகங்களை வாசிப்பு நிலைப்படி நுழை, நட, ஓடு, பற என்று பிரித்திருக்கிறார்கள், வகுப்பும் இல்லை வயதும் இல்லை, பேர் வைத்தவரைக் கும்பிடலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலும் நாலு நிலை உண்டு, தமிழிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் நிலை எண்ணைப் பிள்ளையிடம் சொல்லித் தொலைக்காதீர்கள்.

செட்டாக வாங்குவது

பத்தில் இரண்டு தேறும்.

புது அட்டையைப் புதுப் புத்தகம் என்று நினைப்பது

உள்ளே முதல் பதிப்பு எந்த வருடம் என்று பாருங்கள். பளபளவென்று இருக்கும், பிரித்தால் அதே தெனாலிராமன். மொழிபெயர்ப்பு என்றால் கடையிலேயே ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள், பக்கத்தில் நிற்பவர் பார்த்தால் பார்க்கட்டும். எலி "ஓ, என் கடவுளே!" என்று கத்தினால் சத்தமில்லாமல் கீழே வைத்துவிடலாம்.

நம் பால்யத்தை அவர்கள் தலையில் கட்டுவது

நான் அம்புலிமாமா வேதாளத்தில் வளர்ந்தவன். 1947-ல் வர ஆரம்பித்த பத்திரிகை அது, என் அப்பாவும் அதையேதான் என்னிடம் நீட்டினார். ஆசைக்கு ஒரு கதை சொல்லலாம், பரிந்துரைப் பட்டியலே அதுவாக இருக்கக் கூடாது.

"இதில் என்ன நீதி?"

பிள்ளைகள் கேட்பதில்லை. அப்பாக்கள் கேட்பார்கள். காதில் விழாத மாதிரி இருங்கள்.

"பிடிச்சிருந்ததா?" என்று கேட்பது

பிடிச்சிருந்தது என்றுதான் சொல்லும், பெரியவர்களிடம் வேறு என்ன சொல்லும்? "எந்தப் பக்கத்தில் நிறுத்தினே?" என்று கேளுங்கள். போன வாரம் ஒரு சின்னப்பெண் "நாய்க்குப் பேர் வெக்கிற பக்கத்துல" என்றாள். அந்த நாய்க்கு அவள் ஏற்கனவே வேறு பேர் வைத்துவிட்டாளாம், புத்தகத்தில் இருந்தது தப்பாம். அடுத்ததை நாய் இல்லாத புத்தகமாகப் பார்த்துக் கொடுத்தனுப்பினேன்.