லேண்ட் ரோவரைப் புதுப்பிக்கும் முன் அதன் அடியில் படுத்துப் பாருங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு தோட்ட ஆபீஸில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். உரம் எத்தனை மூட்டை, டீசல் எத்தனை லிட்டர், எந்த டிராக்டருக்கு என்ன பழுது என்று எழுதிப் பழகிய கை. என்னுடைய லேண்ட் ரோவர் வந்த அன்றே அதற்கும் ஒரு 555 நோட்டு போட்டேன். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்ன நோட்டு. முதல் பக்கத்தில் 'மொத்தம் 15,000 வெள்ளி' (ரிங்கிட்) என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. வண்டி வாங்கிய 8,500 வெள்ளியைச் சேர்க்காமலே செலவு 39,800-க்கு வந்துவிட்டது.

யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஸ்டோருக்குப் பின்னால், தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்து ஓரத்தில், கொடி படர்ந்து இந்த வண்டிகள் இன்னும் கிடக்கின்றன. அவை காயலான் கடைக்குப் போகாமல் ஓட வேண்டும் என்பது என் ஆசை. பாதி பிரித்துப் போட்டுவிட்டு, கையில் காசில்லாமல் வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் நாலைந்து பேரை எனக்குத் தெரியும். பணம் எந்த இடத்தில், எதனால் ஏறுகிறது என்று முன்பே தெரிந்திருந்தால் அவர்கள் வேறு மாதிரி தொடங்கியிருப்பார்கள்.

என்னுடையது சீரிஸ் 3, முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 88 அங்குலம், 2,286 சிசி பெட்ரோல் எஞ்சின். சீரிஸ் 3 என்பது 1971 முதல் 1985 வரை வந்த வண்டி. அப்பா துரைக்கு (தோட்ட மேனேஜருக்கு) டிரைவராக இருந்தபோது ஓட்டியதும் இதே ரகம். முதல் லேண்ட் ரோவரை ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் 1948 ஏப்ரலில் காட்டினார்கள். அதே வருடம் ஜூனில்தான் எங்கள் ஊரில் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் வந்தது. அந்தச் செம்மண் பாதைகளில் போலீஸ், ராணுவம், துரை என்று எல்லோரும் ஏறிய வண்டி இது. இங்கே இத்தனை மிச்சம் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, வாங்கப் போகும்போது என்ன பார்ப்பது? மேலே இருக்கும் உடம்பைப் பார்த்து விலை பேசாதீர்கள். போர் முடிந்த காலத்தில் பிரிட்டனில் இரும்புத் தட்டுப்பாடு. அதனால் இதன் மேல்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அந்த வழக்கம் கடைசி வரை மாறவில்லை. அலுமினியம் இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. நாற்பது வருடம் மழையில் நின்றாலும் கதவும் பானெட்டும் பார்க்க நன்றாகவே இருக்கும். அதே நேரம் அடியில் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசி உள்ளுக்குள் கரைந்துபோயிருக்கும். நானும் உடம்பைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

ஒரு சின்னச் சுத்தியலும் தடித்த ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சேசியைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு 'டங்' என்று கேட்கும், போன இரும்பு 'டொக்' என்று கேட்கும். சந்தேகம் வந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள். ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், சேசியிலிருந்து பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர்கள், பின்னால் குறுக்கே போகும் தண்டு, இந்த மூன்றையும் விடாதீர்கள். சேசி பெட்டி மாதிரி உள்ளே குழிவானது. செம்மண் சேறு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு ஈரத்தை விடாது.

தோட்டத்து வண்டியில் இன்னொன்றும் உண்டு. நகரத்து ஆட்கள் இதைக் கவனிக்க மாட்டார்கள். இந்த வண்டிகளின் பின்தொட்டியில் ரப்பர் பால் போயிருக்கும், பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலக் கேன் போயிருக்கும், ரப்பரை விட்டுச் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிய பிறகு உர மூட்டை போயிருக்கும். கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டிய பொட்டாசியம் உரம் ஒருவகை உப்புதான். அது இடுக்கில் இறங்கி மழையில் கரைந்து இரும்பைத் தின்னும். அலுமினியத் தகடு இரும்போடு ஒட்டும் இடத்தில் உப்புநீர் நின்றால், துருப்பிடிக்காத அலுமினியம்கூட வெள்ளைப் பொடியாக உதிரும். என் வண்டியின் பின் குறுக்குத் தண்டை வெல்டிங் செய்யும் தம்பி கையாலேயே பிய்த்து எடுத்தான். ஆபீஸில் உரக் கணக்கு எழுதியது நான்தான். அந்த வண்டி எத்தனை வருடம் உரம் சுமந்தது என்று வாங்கும் முன் பழைய ரிஜிஸ்டரை ஒருமுறை புரட்டியிருக்கலாம். நீங்கள் வாங்கப் போகும் வண்டி என்ன சுமந்தது என்று அதை ஓட்டிய டிரைவரையோ ஸ்டோர் கிராணியையோ (குமாஸ்தாவையோ) கேளுங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்டை வாங்கிப் பாருங்கள். அதிலுள்ள சேசி எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சீரிஸ் 3-இல் சேசி எண் முன்பக்கம் வலதுபுறம், ஸ்பிரிங் மாட்டும் கொம்புக்கு அருகில் அடிக்கப்பட்டிருக்கும். கம்பிப் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் தெரியும். தோட்டங்களில் எஞ்சின் போனால் ஜப்பான் டீசல் எஞ்சினைத் தூக்கிப் போட்டு ஓட்டிவிடுவார்கள். அது கிராண்டில் ஏறவில்லை என்றால் பெயர் மாற்றும் ஆய்வில் நிற்கும். பல வருடம் ரோடு டேக்ஸ் எடுக்காமல் கிடந்த வண்டி என்றால் முதலில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டரில் பதிவு எண்ணைக் கொடுத்து நிலவரத்தைக் கேளுங்கள். அரை நாள் லீவு போதும்.

இனி நோட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கட்டம் போடுங்கள்: நினைத்தது, சொன்னது, கொடுத்தது. சேசிக்கு நான் நினைத்தது 2,500. பட்டறையில் சொன்னது 4,200. கொடுத்தது 8,900. எஞ்சினுக்கு 1,200, 3,500, 6,800. பெயிண்டுக்கு மட்டும் மூன்று கட்டத்திலும் 4,500. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். பெயிண்ட் அடிக்கும்போது மூடிக் கிடக்கிற இடம் ஒன்றும் மிச்சமில்லை. சேசியையும் எஞ்சினையும் திறக்காமலே விலை பேசினோம். திறக்காத பெட்டிக்கு மெக்கானிக் சொல்லும் விலை ஒரு ஊகம், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். ஆகவே பிரிப்பதற்கும் கழுவுவதற்கும் மட்டும் முதலில் கூலி பேசிக் கொடுத்துவிடுங்கள். எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு வேலைக்கு விலை கேளுங்கள். இதை நான் மூன்றாவது வேலையில்தான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் நான்காவதாக ஒரு கட்டமும் போட்டேன்: கூடவே வந்தது. ஒரு உதாரணம். முன் சக்கரத்தில் எண்ணெய் கசிந்தது. ஹப் ஆயில் சீல் 18 வெள்ளி. கழற்றினால் பிரேக் ஷூ முழுக்க எண்ணெய். நனைந்த ஷூவைத் துடைத்துப் போடக்கூடாது, மாற்றினோம். வீல் சிலிண்டர் இறுகிப் போயிருந்தது, அதையும் மாற்றினோம். சிலிண்டரைக் கழற்றும்போது பிரேக் குழாயின் நட்டு துருவில் ஒட்டிக்கொண்டு குழாயே முறுக்கி உடைந்தது. ஒரு குழாய் அப்படி இருந்தால் மற்றவை எப்படி இருக்கும்? வண்டி முழுக்கச் செம்பு-நிக்கல் குழாய் போட்டோம். 18 வெள்ளியில் தொடங்கியது 1,460-இல் முடிந்தது. இதில் ஒன்றுகூட வீண் செலவு இல்லை, எல்லாமே பிரேக். (பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள்.)

ஆனால் பட்டறையில் இன்னொரு வகையும் உண்டு. "அக்கா, இவ்வளவு பிரிச்சாச்சு, இதையும் மாத்திடலாமே" என்பார்கள். அப்போது இரண்டு கேள்வி கேளுங்கள். மாற்றாவிட்டால் ஆபத்தா? பிறகு மாற்ற வேண்டுமென்றால் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டுமா? இந்த வண்டியில் கியர்பாக்ஸை இறக்க, தரைத்தகட்டையும் சீட் பெட்டியையும் கழற்ற வேண்டும். அப்படி இறக்கிய நாளில் கிளட்ச் தட்டு பாதி தேய்ந்திருந்தாலும் மாற்றிவிடுவது லாபம். மீட்டர் கண்ணாடி, கதவு ரப்பர், சீட் உறை எல்லாம் இரண்டு கேள்விக்கும் 'இல்லை'. அவை காத்திருக்கலாம். நான் முதல் மாதமே ஐந்து டயர் வாங்கிவிட்டேன், 2,250 வெள்ளி. வண்டி உருள்வதற்கு முன் அவை இரண்டு வருடம் கொட்டகையில் கிடந்தன. அந்தப் பணம் அன்று கையில் இருந்திருந்தால் சேசி வேலை நான்கு மாதம் நின்றிருக்காது.

வேலை கீழிருந்து மேலே போக வேண்டும். சேசி, அப்புறம் எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவே நிற்கும் பல்க்ஹெட் என்ற இரும்புச் சுவர், அப்புறம் பிரேக்கும் அச்சும், எஞ்சின், வயரிங், கடைசியில் பெயிண்ட். வெல்டிங் தொடங்கும் முன் பெட்ரோல் டேங்கை வண்டியிலிருந்து இறக்கி வெளியே கொண்டுபோய்விடுங்கள். இந்த வண்டியில் அது சீட்டுக்கு அடியில் இருக்கிறது. காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் அதிக ஆபத்து. பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிடுங்கள். சேசி எண் இருக்கும் இடத்தில் பெரிய எழுத்தில் 'தொடாதே' என்று பெயிண்டால் எழுதுங்கள். கிரைண்டர் ஒருமுறை போனால் அந்த எண் திரும்ப வராது, எண் இல்லாத வண்டியை எந்த ஆய்விலும் விட மாட்டார்கள். இங்கிலாந்தில் துத்தநாகம் பூசிய புதுச் சேசியையே வாங்கி மாற்றுகிறார்கள். நமக்குக் கப்பல் கூலியும் எண் சிக்கலும் இருப்பதால், அழுகியதை வெட்டி 3 மில்லி தகடு வைத்துச் சேர்ப்பதுதான் கட்டுப்படியாகும். சாண்ட் பிளாஸ்ட் செய்த இரும்புக்கு அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். நம் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கு மேகம் கட்டும். பச்சை இரும்பு ஒரு ராத்திரியில் சிவந்துவிடும்.

எஞ்சினில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். பிஸ்டனை முன்கூட்டி வாங்காதீர்கள். ஈப்போவில் லேத் பட்டறைக்காரர் சிலிண்டரை அளந்து, எந்த ஓவர்சைஸுக்குக் கடைய வேண்டும் என்று சொன்ன பிறகு வாங்குங்கள். மலிவாகக் கிடைத்தது என்று நான் வாங்கி வைத்த செட் அளவு சேராமல் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

உதிரிப்பாகத்தின் விலை எழுதியிருக்கும் விலை அல்ல. பவுண்டை வெள்ளியாக மாற்றினால் ஐந்து மடங்குக்கு மேல். அதன்மேல் அனுப்பும் கூலி. விமான கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். பல்க்ஹெட்டின் கால்வைக்கும் தகடு இரண்டும் சேர்த்து ஆறு கிலோதான். பெட்டி 80, 60, 40. கணக்குப் போட்டால் 38.4 கிலோவுக்குக் கூலி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய தகட்டை அச்சாக வைத்து உள்ளூர்த் தகர வேலைக்காரரிடம் மடித்து வாங்கினேன். 2024 ஜனவரி 1 முதல் 500 வெள்ளிக்கு மேற்படாத வெளிநாட்டுப் பொருளை இணையத்தில் வாங்கினாலும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. சின்னச் சின்னதாக வாங்கினால் வரி இல்லை என்று பழைய ஆட்கள் சொல்லும் யோசனை இப்போது செல்லாது. தனித்தனியாக வாங்காமல் மூன்று மாதத்துக்கு ஒரு பட்டியல் போட்டுச் சேர்த்து வாங்குங்கள். ரப்பர் புஷ்ஷிலும் சீலிலும் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். நான் போட்ட மலிவு ரகம் ஒன்பது மாதத்தில் வெடித்தது, கூலியை இரண்டு முறை கொடுத்தேன்.

பட்டறை விஷயம் வலிக்கிற விஷயம். முதலில் விட்ட இடத்தில் 4,000 வெள்ளி முன்பணம் வாங்கிக்கொண்டு வண்டியை எட்டு மாதம் மழையில் நிறுத்தினார்கள். மீட்டரும் இரண்டு கதவுக் கைப்பிடியும் காணாமல் போயின. பணம் முழுக்கக் கைமாறிய வண்டி பின்வரிசைக்குப் போய்விடுகிறது, அவசரக்காரர்களின் வண்டி முன்னே வருகிறது. இப்போது முடிந்த வேலைக்கு முடிந்த அன்று பணம், அவ்வளவுதான். கழற்றிய பாகம் எல்லாம் அன்றே வீட்டுக்கு வந்துவிடும். நட்டும் போல்ட்டும் மைலோ டின்களில், எந்த இடத்துச் சாமான் என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். எல்லாம் அங்குல அளவு, தொலைத்துவிட்டால் பக்கத்துக் கடையில் கிடைக்காது. சீனப் பெருநாளுக்கு முந்தைய மாதம் பெயிண்ட் கடைக்குப் போகாதீர்கள், கூட்டத்தில் நம் வேலையை அவசரமாக முடித்துக் கொடுப்பார்கள். பெருநாள் முடிந்து பத்து நாள் கழித்துப் போனால் தௌக்கேயே (கடை முதலாளியே) நின்று பார்ப்பார்.

போன மாதம் ஆய்வுக்குக் கொண்டுபோனோம். எண்ணைப் பார்த்தார்கள், பிரேக்கைப் பார்த்தார்கள், ஒரு பின்விளக்கு மங்கல் என்று திருப்பி அனுப்பினார்கள். வயரின் எர்த்து முனையில் பெயிண்ட் படிந்திருந்தது. சுரண்டிவிட்டதும் எரிந்தது. அப்பாவுக்கு 79 வயது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு எப்போது மாற்ற வேண்டும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது நோட்டில் இப்போது திறந்திருக்கும் வரி ஒன்றுதான்: கேன்வாஸ் கூரை. நினைத்தது 1,800. சொன்னது 2,100. இதில் மூடிக் கிடக்கிற இடம் எதுவும் இல்லை என்பதால் தைப்பூசம் முடிந்ததும் தைக்கக் கொடுக்கப் போகிறேன்.