குறும்படத்துக்கு ஆர்ட் ஒர்க்: அழுக்குக்கும் காரணம் வேண்டும்

குறும்படம் எடுக்கிறவர்கள் கேமரா வாடகைக்கு முக்கால்வாசிக் காசைக் கொட்டிவிட்டு, ஆர்ட் (காட்சி நடக்கும் இடத்தையும் அதில் உள்ள பொருட்களையும் தயார் செய்கிற வேலை) என்றதும் நண்பன் வீட்டு ஹாலைக் காட்டி "இங்கேயே எடுத்துடலாம் மச்சி" என்பார்கள். எடுக்கலாம். ஆனால் ஏதாவது செய்யாவிட்டால் அது நண்பன் வீடாகத்தான் தெரியும்.

முதலில் பேனாவோடு ஸ்கிரிப்டைப் படித்து, காட்சிக்குக் காட்சி இடம், நேரம், வருஷம், நடிகர் கையில் எடுக்கும் பொருள் எல்லாவற்றையும் குறியுங்கள். அப்புறம் அந்த வீட்டு ஆட்களின் வரவு செலவைப் போடுங்கள், நிஜமாகவே: மாதம் எவ்வளவு வருகிறது, எத்தனை வருஷமாக வாடகைக்கு இருக்கிறார்கள், கடைசியாக எப்போது வெள்ளையடித்தார்கள். இது தெரிந்தால் எந்த நாற்காலி போடுவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சுவர்தான் பெரிய வேலை. பளீர் வெள்ளைச் சுவரில் லைட் பட்டால் கண் அங்கேதான் போகும், முகத்துக்கு வராது. பழைய வீடுகளில் டிஸ்டெம்பர் அடித்திருப்பார்களே, அந்த மங்கிய பச்சையோ நீலமோ போதும். அடுத்து அழுக்கு. புதியவர்கள் ஸ்பாஞ்சால் சுவர் முழுக்க ஒரே மாதிரி ஒற்றிவைப்பார்கள், பார்த்ததுமே பொய் என்று தெரியும். நிஜ அழுக்குக்கு ஒரு காரணம் இருக்கும்: சுவிட்ச் போர்டைச் சுற்றி விரல் கறை, தாத்தா சாய்ந்து உட்காரும் இடத்தில் எண்ணெய்த் தலையின் வட்டம், சாமி படத்துக்கு மேலே விளக்குப் புகை, கழற்றிய காலண்டர் இருந்த இடத்தில் மட்டும் மங்காத நிறம். புதுத் திரைச்சீலையை டீ டிகாக்‌ஷனில் முக்கிக் காயப்போடுங்கள்.

பழைய காலக் கதை என்றால் காலண்டரிலும் போர்டிலும் இருக்கிற எழுத்துதான் காலை வாரும். 1991இல் நடக்கிற கதைக்கு நான் தேடிப்பிடித்து மாட்டிய காலண்டரின் அடியில் கடைக்காரரின் பத்து இலக்க செல் நம்பர் இருந்தது, எடிட்டிங்கில்தான் பார்த்தேன். 1996க்கு முந்தைய ஆங்கில போர்டு என்றால் மெட்ராஸ், தமிழ் போர்டில் அப்போதும் சென்னைதான்.

அசல் இடத்தில் எடுத்தால்தான் நிஜமாக இருக்கும் என்று யாராவது சொன்னால், 'நாயகன்' (1987) பார்க்கச் சொல்லுங்கள். கலை இயக்குநர் தோட்டா தரணி மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியைச் சென்னையில் செட்டாகப் போட்டார், தேசிய விருதும் வாங்கினார்.

ஷாட் முடிந்ததும் டேபிளை யாரும் தொடுவதற்குள் போனில் படம் எடுத்துவையுங்கள், டம்ளரில் காபி எவ்வளவு இருந்தது என்பதுவரை; அடுத்த ஷாட்டிலும் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அப்புறம், அந்த எண்ணெய்க் கறையைப் பற்றி நண்பனின் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.