ஒற்றை நுரையீரல் மூச்சு: எந்தக் கிலோவை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள்?

மார்பைத் திறந்து நுரையீரலில் அறுவை செய்யும்போது அந்தப் பக்கத்தைச் சுருங்க விட்டு, மற்றதற்கு மட்டும் வென்டிலேட்டரில் மூச்சு கொடுக்கிறோம். எல்லோருக்கும் கத்தி படும் நுரையீரலைப் பற்றித்தான் கவலை. மணிக்கணக்கில் தனியாகப் பாரம் சுமப்பதோ, கீழே அமுங்கிக் கிடக்கும் மற்றது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் நம் கைதான்.

இரண்டு நுரையீரலுக்கு ஒவ்வொரு மூச்சிலும் கொடுத்த காற்றளவை அப்படியே ஒன்றுக்குள் திணிப்பதுதான் பெரிய தவறு. ஒரு மூச்சுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லி என்பது பழைய வழக்கம். இப்போது 4 முதல் 6. சரி, எந்தக் கிலோ? தராசு காட்டுவது அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் 160 செ.மீ. உயரம், 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எடை 57 கிலோதான். கிலோவுக்கு 5 மில்லி என்றால் சுமார் 285. தராசை நம்பினால் 425! தொப்பை வளர்ந்தால் நுரையீரலும் கூடவே வளருமா என்ன?

அளவை மட்டும் குறைத்துவிட்டு பீப் (மூச்சு வெளியேறிய பின்னும் உள்ளே விட்டுவைக்கும் சிறு அழுத்தம்) வைக்காமல் விட்டால் காற்றறைகள் மூடிக்கொள்ளும். பொதுவாக 5 செ.மீ. நீரழுத்தத்தில் தொடங்கலாம். டிரைவிங் பிரஷர் (மூச்சு உள்ளே போய் நின்றதும் இருக்கும் அழுத்தத்தில் பீப்பைக் கழித்தது) 15-க்குள் நிற்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. பல வருடம் மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர், கூடவே பீடி பிடித்தவர் என்றால், உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் தேங்கும். அவருக்கு மூச்சு எண்ணிக்கையைக் குறைத்து, வெளிவிட நேரம் கொடுங்கள். அதனால் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறினால் பெரும்பாலானோர் தாங்குவார்கள். மூளை அழுத்தமோ நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தமோ அதிகம் உள்ளவருக்கு மட்டும் அது ஆகாது.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரிந்ததும் பதறிப்போய் மூச்சளவைக் கூட்டாதீர்கள். கொடுக்கும் ஆக்சிஜனை 100 சதவீதமாக்கிவிட்டு, முதலில் டியூபைப் பாருங்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போதே டபுள் லூமன் டியூப் (இரண்டு நுரையீரலுக்கும் தனித்தனி வழி உள்ள மூச்சு டியூப்) நகர்ந்திருக்கும். புரட்டியபின் பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் பார்க்கும் மெல்லிய கருவி) விட்டு மறுபடி பார்க்காமல் விட்டதன் வினைதான் பல நேரம் இது. அளவு தேறியபின் 100-லேயே விட்டு வைத்தாலும் காற்றறைகள் சுருங்கும், படிப்படியாகக் குறையுங்கள்.

வாய்க்கால் மடையைத் திறந்தாற்போல் சலைனை ஓட விடுவதும் வேண்டாம். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

அப்புறம், மார்பை மூடும் அவசரத்தில், கையால் மூச்சு கொடுக்கும் பையை ஒரே அழுத்தாக அழுத்திச் சுருங்கிய நுரையீரலை ஊதாதீர்கள். மெல்ல மெல்ல விரியட்டும். மார்பு திறந்திருக்கும்போதே விரிவதைக் கண்ணால் பார்த்துவிடலாம். சர்ஜனும் காற்றுக் கசிகிறதா என்று அப்போதுதான் பார்ப்பார்.