காலிமேட் பண்றதுல திரும்பத் திரும்ப நடக்குற தப்புகள்

போன மாசம் நட்சத்திரம் பாக்குற கூட்டத்துக்குப் புதுசா வந்த தம்பி ஒருத்தர், "அண்ணே, காலிமேட் பண்ணிட்டேன், ஆனா ஷார்ப்பாவே வரல"ன்னு டெலஸ்கோப்போட ஃபோகஸர் குமிழையே திருகிட்டு இருந்தாரு. பத்து வருஷத்துக்கு முன்னாடி நானும் இப்படித்தான் நின்னேன். மூடியைக் கழட்ட மறக்குறது மாதிரி தப்பெல்லாம் ஒரே ராத்திரில தானா சரியாகிடும், அதையெல்லாம் விட்டுடறேன்.

ஃபோகஸும் காலிமேட்டும் ஒண்ணுன்னு நினைக்கிறது

ஃபோகஸ்னா கதிர்களை ஒரு புள்ளில சேக்குறது. காலிமேட்ங்கிற சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் புழக்கத்துல இருக்கு, குழப்பமே அங்கதான். காலேஜ் லேப்ல நிறமாலைமானி பாத்திருப்பீங்க, அதுல ஒரு முனைல பிளவும் இன்னொரு முனைல லென்ஸும் வச்ச குழாய் இருக்குமே, நம்ம பாடப்புத்தகத்துல அதுக்கு இணையாக்கின்னு பேரு. பிளவு லென்ஸோட குவியத்துல இருந்தா வெளிய வர்ற கதிர் இணையா வரும், அங்க அந்தப் பேரு கச்சிதம். அதே பேரை மனசுல வச்சுக்கிட்டு நியூட்டோனியன் டெலஸ்கோப் (ரெண்டு கண்ணாடி வச்சு வேலை செய்றது) கிட்ட வந்தீங்கன்னா ஒண்ணும் புரியாது, ஏன்னா நட்சத்திர வெளிச்சம் வரும்போதே இணையாத்தான் வருது, அதுல இன்னும் இணையாக்க என்ன இருக்கு? இங்க காலிமேட் பண்றதுன்னா பெரிய கண்ணாடி, சின்ன கண்ணாடி, ஐபீஸ் (நாம கண்ணு வச்சுப் பாக்குற லென்ஸ்) மூணோட அச்சும் ஒத்துப்போற மாதிரி வைக்கிறது. லத்தீன்ல கொலினியாரேன்னா நேர்கோட்டுல கொண்டுபோறது, யாரோ அதைக் கொலிமாரேன்னு தப்பா வாசிச்சதுல பிறந்த சொல் இது. அதனால டெலஸ்கோப்புக்கு 'நேராக்கு'ன்னு மனசுல வச்சுக்கிட்டா போதும்.

காலிமேட் ஆன கதிர் விரியவே விரியாதுன்னு நம்புறது

விரியும். நிலாவுல வச்ச பிரதிபலிப்பான்களுக்கு பெரிய டெலஸ்கோப் வழியா அனுப்புற லேசரே அங்க போய்ச் சேரும்போது கிலோமீட்டர் கணக்குல அகலமாகிடுது.

லேசர் காலிமேட்டரை சோதிக்காம நம்புறது

இதைப் பத்திதான் முக்கியமா சொல்ல வந்தேன், இப்போ நினைச்சாலும் எனக்கு ஆத்திரம் வருது. என்னோட டெலஸ்கோப் 8 இன்ச், எஃப்/6 (குவியத் தூரம் கண்ணாடி அகலத்தைப் போல ஆறு மடங்கு). புதுசா ஒரு லேசர் காலிமேட்டர் (ஐபீஸ் இடத்துல செருகி, கண்ணாடிகள் நேரா இருக்கான்னு பாக்குற கருவி) வாங்கி, புள்ளி பெரிய கண்ணாடியோட நடுவுல விழுந்து அப்படியே திரும்பி வர்ற வரைக்கும் ஸ்க்ரூ திருகி, எல்லாம் கச்சிதம்னு ஏலகிரிக்கு எடுத்துட்டுப் போனேன். மார்ச் மாசம், அருமையான வானம். மிதுனத்துல கேஸ்டரைப் பாத்தா, ரெண்டு நட்சத்திரமா தனித்தனியா தெரிய வேண்டியது, வால் முளைச்ச மாதிரி ஒரே பக்கமா இழுத்துக்கிட்டு நிக்குது. கண்ணாடிதான் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணி, கழட்டி, புது அலுமினியம் கோட்டிங் போட அனுப்பினேன். பணமும் போச்சு, அந்த சீசனும் போச்சு. கண்ணாடி திரும்பி வந்த அப்புறமும் அதே வால்.

கடைசில பாத்தா கோளாறு லேசர்ல. அதோட கதிர் அதோட குழாய்க்கே நேரா இல்ல. கோணலா வர்ற கதிரை நடுப்புள்ளில விழ வைக்க சின்ன கண்ணாடியைக் கோணலா திருப்பியிருக்கேன், அதுக்கு ஏத்த மாதிரி பெரிய கண்ணாடியையும் திருப்பியிருக்கேன். எஃப்/6ல கோமா (நட்சத்திரம் வால் முளைச்ச மாதிரி இழுபடுறது) இல்லாத பகுதி சுமார் 5 மில்லிமீட்டர் அகலம்தான், அதை விட்டு வெளிய போய்ட்டா அவ்வளவுதான்.

சோதிக்கிறது அஞ்சு நிமிஷ வேலை. ஒரு பலகைல நாலு ஆணி, ரெண்டு ரெண்டா வி மாதிரி அடிச்சு, அது மேல லேசரைப் படுக்க வச்சு, அஞ்சாறு மீட்டர் தள்ளி சுவத்துல புள்ளி விழ வச்சு, லேசரை மெதுவா உருட்டுங்க. புள்ளி அசையாம நின்னா நல்லது. வட்டம் போட்டுச்சுன்னா லேசரே காலிமேட் ஆகல, பக்கவாட்டுல இருக்குற மூணு குட்டி ஸ்க்ரூவை (சிலதுல ரப்பர் பசை போட்டு மூடியிருப்பாங்க) திருகி அந்த வட்டத்தைச் சின்னதாக்கணும்.

ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப்புக்கும் இதே மாதிரிதான் ஆச்சு. 2.4 மீட்டர் கண்ணாடியைச் சோதிச்ச கருவில ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி இருந்துச்சு. கருவியை நம்பி, அது சொன்ன மாதிரியே ரொம்பத் துல்லியமா தப்பா தேச்சாங்க. வேற சோதனைகள் தப்பைக் காட்டியும் யாரும் எடுத்துக்கல. 1990ல மேல போச்சு, 1993 டிசம்பர்லதான் சரி பண்ண முடிஞ்சுது. அதனால லேசரை மட்டும் நம்பாதீங்க, கடைசில நட்சத்திரத்தை வச்சும் பாத்துடுங்க.

துருவ நட்சத்திரத்தை வச்சு சோதிக்கிறது

வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் சொல்ற யோசனை, அது நகராதுங்கிறதால. ஆனா சென்னைல அது 13 டிகிரி உயரத்துலதான் நிக்குது, அவ்வளவு தாழ்வுல காத்து ஆட்டமே பாதி படத்தைக் கெடுத்துடும். தலைக்கு மேல இருக்குற பிரகாசமான நட்சத்திரத்தை எடுங்க, அதிக பவர் போட்டு நடுவுல வச்சு லேசா ஃபோகஸை விலக்குங்க, வளையங்கள் ஒண்ணுக்குள்ள ஒண்ணா ஒரே மையத்துல இருக்கணும். நகர்ந்து போகும்தான், திரும்பத் திரும்ப நடுவுக்குக் கொண்டு வந்து பாருங்க.

ஸ்க்ரூவை இறுக்கி நெரிக்கிறது

கண்ணாடி நெளியும். கைவிரல் பலம் போதும்.

கண்ணாடி ஆறாம பாக்குறது

ஒரு மணி நேரமாவது வெளிய வச்சுட்டு அப்புறம் ஆரம்பிங்க.