தொப்பைய டேப் வச்சு அளக்குறது எப்படி

வெயிட் மெஷின்ல ஏறி நார்மல்னு பாத்துட்டு நிம்மதியா இருந்துடாதீங்க, நம்மள்ல பலருக்கு கை கால் ஒல்லியா இருந்தாலும் கொழுப்பு வயித்துலதான் போய் உக்காருது, சுகர் பிரஷர் ரிஸ்க்கும் அதோட சேந்தே ஏறுது. தமிழ்நாட்டுல 2019-21 தேசிய குடும்பநல சர்வேல பொம்பளைங்கள்லயே 40 சதவீதம் பேர் ஓவர்வெயிட்.

டெய்லர் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, தோல் மேலயே சுத்தி, மூச்ச சாதாரணமா விட்டுட்டு அளங்க (எங்க மாமா மாதிரி வயித்த எக்கிட்டு அளந்தா டேப்பும் பொய்தான் சொல்லும்). பேண்ட் சைஸ நம்பாதீங்க, அது தொப்பைக்கு கீழ நிக்குது. ஆம்பளைக்கு 90 செ.மீ, பொம்பளைக்கு 80 தாண்டினா சுகர் டெஸ்ட் எடுத்துருங்க.

பசங்களுக்கு இந்த நம்பர் ஆகாது, இடுப்பு உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும், 120 செ.மீ பையன்னா 60க்குள்ள. கொழுகொழுன்னு இருக்கான்னு பாட்டி சந்தோஷப்பட்டா டேப்ப அவங்க கையிலயே குடுங்க.