'ஹை' என்றால் சூடு இல்லை: முதன்முதலாகக் காடியை ஸ்கேன் செய்கிறவருக்கு

பட்டறையில் சேர்ந்து மூன்றாவது மாதம். செக் எஞ்சின் விளக்கு எரிந்தபடி ஒரு காடி உள்ளே வந்தது. அண்ணன் பசியாறப் போயிருந்தார். சரி, நாமே பார்ப்போம் என்று ஸ்கேனரைச் சொருகினேன். பி0118 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. பக்கத்தில் விளக்கம்: 'கூலண்ட் டெம்பரேச்சர் சர்க்யூட் ஹை'. ஹை என்றதும் எஞ்சின் சூடாகிறது என்று நானே முடிவு கட்டி, கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். திரும்பி வந்த அண்ணன் ஸ்கேனரைப் பார்த்தார், தரையில் ஓடிக்கொண்டிருந்த கூலண்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"தம்பி, அந்த ஹை சூட்டைச் சொல்லல. வோல்ட்டைச் சொல்லுது."

அன்றைக்குக் கூலண்ட் காசு என் சம்பளத்தில் போனது. இப்போது பினாங்கு பட்டர்வொர்த்தில் வண்டிகளின் மின்கோளாறு பார்ப்பதுதான் என் முழுநேர வேலை. புதிதாக வரும் பையன்களுக்கு முதல் பாடமாக அதே பி0118-ஐத்தான் சொல்லித் தருகிறேன். அதை ஒழுங்காகப் பிடித்துவிட்டால் பாதி சென்சர்களுக்கு அதே வழிதான்.

கையில் என்ன வேண்டும்

ஒரு ஸ்கேனர். கற்றுக்கொள்ள ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கும் ப்ளூடூத் அடாப்டரும் கைப்பேசியும் போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பக்கம் தடவினால் ஸ்கேனரைச் சொருகும் 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் தட்டுப்படும். அமெரிக்காவில் 1996 மாடல் காடிகளிலிருந்து இதைக் கட்டாயமாக்கினார்கள். பல கம்பெனிக் காடிகள் இன்று ஒரே குறியீட்டு மொழி பேசுவது அதனால்தான். கார்புரேட்டர் வைத்த பழைய பெரோடுவா கஞ்சில் காடியில் இதைத் தேடி முதுகை வலிக்க வைத்துக்கொள்ளாதீர்கள், இருக்காது.

அடுத்து ஒரு டிஜிட்டல் மீட்டர். நூறு வெள்ளிக்குள் ஆரம்பத்துக்குப் போதுமானது கிடைக்கும். ஸ்கேனருக்கும் மீட்டருக்கும் சேர்த்துக் காசு இல்லையென்றால் மீட்டரை வாங்குங்கள். ஸ்கேனரைப் பட்டறையில் இரவல் வாங்கலாம். ஆனால் மீட்டரில் கை பழக அது சொந்தமாக இருக்க வேண்டும்.

ஒரு முழ வயரின் இரு முனையிலும் மெல்லிய பின் வைத்த ஜம்பர் ஒன்று நீங்களே செய்துகொள்ளுங்கள். அப்புறம் ஒரு நோட்டு.

முதல் படி: கேளுங்கள்

இனி ஒரு காடியை வைத்தே சொல்கிறேன். பாகான் டாலாமிலிருந்து ஓர் அக்கா கொண்டுவந்தது, 12 வருடம் ஓடிய சின்னக் காடி.

"தம்பி, சாவி போட்டு ஸ்டார்ட் பண்ண உடனே ஃபேன் சுத்துது, நிக்கவே மாட்டேங்குது. பெட்ரோலும் ரொம்பக் குடிக்குது. கடைக்குப் போயிட்டு பத்து நிமிஷத்துல வந்தா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. சென்சர ரெண்டு தடவ மாத்தியாச்சு."

இதில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தடயம். காலையில் ஆறிப்போன எஞ்சினுக்கு ரேடியேட்டர் ஃபேன் எதற்கு? எஞ்சின் சூடு எவ்வளவு என்று காடியின் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. தெரியாதபோது எஞ்சின் வெந்துவிடக் கூடாது என்று ஃபேனை ஓடவிடும்படி பல காடிகளில் அமைத்திருப்பார்கள். எஞ்சின் ஆறிக்கிடக்கிறது என்று அது நம்பினால் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். சூடான எஞ்சின் மூச்சுத் திணறி ஸ்டார்ட் ஆகாது. ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்பே கோளாறின் முகவரி பாதி கிடைத்துவிட்டது.

எப்போது, எங்கே, மழையிலா வெயிலிலா, இதற்கு முன் யார் என்ன மாற்றினார்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பலர் தயங்குவார்கள். வேறு பட்டறைக்குப் போனதைச் சொல்ல வெட்கம். குறை சொல்லாமல் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாம் படி: பேட்டரியும் எர்த்தும்

கம்ப்யூட்டருக்குச் சோறு போடுவது பேட்டரி. அது தளர்ந்திருந்தால் சம்பந்தமே இல்லாத குறியீடுகள் பத்து வரும். எஞ்சின் நின்று சில மணி நேரம் ஆன பிறகு 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது சாதாரணமாக 13.8 முதல் 14.5 வரை.

எர்த்தைத்தான், அதாவது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையைத்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். எர்த் வயரைத் தடை அளக்கும் ஓம் மீட்டரில் வைப்பார்கள், பூஜ்யம் காட்டும், நல்ல வயர் என்று விட்டுவிடுவார்கள். பினாங்குப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் ஒரு தடத்தைத் தவிர மற்றதெல்லாம் அடைத்திருந்தாலும் ஒரு மோட்டார்சைக்கிள் தடையில்லாமல் போய்விடும். அதை வைத்துப் பாலம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், சாயந்திரம் ஆறு மணிக்கு வேலை விட்டு வருகிறவர்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள். ஓம் மீட்டர் அனுப்புவது அந்த ஒற்றை மோட்டார்சைக்கிளை. இருபது இழையில் இரண்டு இழை மிச்சமிருந்தாலும் அது பூஜ்யம்தான் காட்டும்.

அதனால் எர்த்தை ஆறு மணி நெரிசலில் சோதியுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத்தின் மேலேயே, கிளாம்பில் அல்ல. சிவப்பு முனை எஞ்சின் பிளாக்கில், சாயம் துரு இல்லாத வெறும் உலோகத்தில். ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் அந்தப் பாதையில் எங்கோ அடைப்பு. எர்த் வயரையும் அதன் போல்ட்டையும் சுத்தம் செய்யாமல் மேலே போகாதீர்கள்.

அக்காவின் காடியில் பேட்டரி 12.5, எர்த் சோதனையில் 0.1. இரண்டும் நன்று.

மூன்றாம் படி: படியுங்கள், அழிக்காதீர்கள்

குறியீட்டைப் பார்த்தவுடன் அழித்துவிட்டுத் 'திரும்ப வருதா பார்ப்போம்' என்பது பரவலான பழக்கம். குறியீட்டோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து அழிந்துபோகும். கோளாறைக் கம்ப்யூட்டர் பதிந்த அந்த நொடியில் எஞ்சின் வேகம், சூடு, காடியின் வேகம் என்ன என்று எடுத்து வைத்த படம் அது. முதலில் நோட்டில் எழுதுங்கள், அல்லது திரையைப் படம் பிடியுங்கள்.

பி என்றால் எஞ்சின், கியர்பாக்ஸ் பக்கம். அடுத்த எண் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறியீடு. 1 என்றால் கம்பெனியின் சொந்தக் குறியீடு, அதற்கு அந்தக் கம்பெனியின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை), பி0302 இரண்டாவதில். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பார்க்கப் பார்க்க வந்துவிடும்.

அக்காவின் காடியில் இருந்தது ஒரே ஒரு குறியீடு. பழைய நண்பர், பி0118.

நான்காம் படி: கம்ப்யூட்டர் எதைப் பார்க்கிறது?

ஸ்கேனரில் அந்த நொடியின் எண்களைக் காட்டும் லைவ் டேட்டாவில் கூலண்ட் சூட்டைத் தேடினேன். மைனஸ் 40 டிகிரி என்றது. கொடிமலை உச்சிக்கு ஏறினாலும் ஸ்வெட்டரை மடித்துக் கையில் வைத்திருக்கும் ஊர் இது.

ஏன் மைனஸ் 40? கம்ப்யூட்டர் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டைக் கூலண்ட் சூட்டை அளக்கும் சென்சருக்கு அனுப்புகிறது. சென்சரின் தடை, சூடு ஏற ஏறக் குறையும். பல ஆசியக் காடிகளில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம். தடை குறையக் குறைய அந்த 5 வோல்ட் எர்த்துக்கு இழுபட்டு இறங்கும். இறங்கிய வோல்ட்டை வைத்துக் கம்ப்யூட்டர் சூட்டைக் கணக்குப் போடும். வயர் அறுந்தால்? இழுக்க ஆளில்லை. வோல்ட் 5-இலேயே நிற்கும். 5 வோல்ட் என்றால் உலகத்திலேயே பெரிய குளிர் என்று அதன் பட்டியல் சொல்கிறது. ஆக, வோல்ட் ஹை, சூடு லோ. நான் கழற்றிய தெர்மோஸ்டாட்டுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

(சில காடிகளில் சென்சர் போய்விட்டால் கம்ப்யூட்டர் தானாக 80 டிகிரி போன்ற ஒரு பொய் எண்ணைக் காட்டும். எஞ்சின் சூடேறியும் ஆறியும் எண் அசையவே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.)

ஐந்தாம் படி: ஜம்பர்

இதை இரண்டு வயர் சென்சரில் மட்டும் செய்யுங்கள். மூன்று வயர் இருந்தால் கை வைக்காதீர்கள். தவறான இரண்டை இணைத்தால் கம்ப்யூட்டரின் 5 வோல்ட் மூலமே படுத்துவிடும். எஞ்சின் ஆறியிருக்கட்டும். ஃபேனிலிருந்து கையும் சட்டையும் தள்ளியே இருக்கட்டும், அது எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது.

சாவியை ஆஃப் செய்து சென்சர் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு சாவி ஆன், எஞ்சின் ஓட வேண்டாம். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். சிவப்பை பிளக்கின் இரண்டு பின்னிலும் மாற்றி மாற்றி வையுங்கள். ஒன்றில் 5 வோல்ட் வர வேண்டும். வந்தது.

முன்பு பார்த்தவர்கள் இந்த இடத்தில் நின்றிருப்பார்கள் என்பது என் ஊகம். 5 வோல்ட் வருகிறது, ஆகவே வயர் நல்லது, ஆகவே சென்சர் கெட்டது. இரண்டு தடவை மாற்றியாயிற்று.

இப்போது ஜம்பரால் பிளக்கின் இரண்டு பின்னையும் இணைத்து ஸ்கேனரைப் பாருங்கள். எண் சட்டென்று நூறைத் தாண்டி மேலே ஏறினால் வயரும் கம்ப்யூட்டரும் நல்ல நிலையில். கோளாறு சென்சரில், இல்லையென்றால் பிளக்கின் பின்கள் தளர்ந்திருக்கின்றன. அக்காவின் காடியில் ஏறவில்லை. அதே மைனஸ் 40.

அடுத்து, 5 வோல்ட் பின்னிலிருந்து ஜம்பரை நேராகப் பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டுபோனேன். எண் சர்ரென்று ஏறியது. 5 வோல்ட் வயரும் கம்ப்யூட்டரும் பிழையில்லை என்று இதோடு தெளிவாகிவிட்டது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: சென்சரிலிருந்து திரும்பும் எர்த் வயர் அறுந்திருக்கிறது. முதல் சோதனையிலேயே 5 வோல்ட் வராமல் போயிருந்தால் அந்தப் பக்கத்து வயரைத் தேடியிருப்பேன்.

ஆறாம் படி: அறுந்த இடம்

எலி கடித்திருந்தால் கண்ணிலேயே படும். நம் ஊர் வீடுகளுக்கு வெளியே நிறுத்தும் காடிகளில் அது சாதாரணம். இதில் வயர்த் தோலில் ஒரு கீறல் இல்லை. அப்படியென்றால் வயர் எங்கே மடங்குகிறது, எங்கே எஞ்சினோடு சேர்ந்து ஆடுகிறது என்று பாருங்கள். பிளக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி ஒரு கிளிப்பில் வயர் இறுக மடங்கியிருந்தது. இரண்டு விரலால் மெதுவாக இழுத்தேன். செம்பு உள்ளே முழுதாக இருந்தால் வயர் நீளாது. இது ரப்பர் வளையம் போல நீண்டது. தோல் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

ஏழாம் படி: ஒட்டுப்போடுவது

அறுந்த இடத்தை வெட்டித் தோலை உரியுங்கள். செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் பளபளப்பு வரும்வரை இன்னும் வெட்டுங்கள். குறைந்த நீளத்துக்கு அதே தடிமனில் துண்டு வயர் சேர்த்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கி இறுக்குங்கள். முறுக்கி டேப் சுற்றி அனுப்பினால் இந்த ஈரக் காற்றில் சில மாதத்தில் திரும்பி வந்து நிற்கும். வயரைப் பழைய கிளிப்பில் மாட்டும்போது கொஞ்சம் தளர்வாக விடுங்கள்.

இப்போதுதான் குறியீட்டை அழிக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து கூலண்ட் எண் 30 பக்கமிருந்து குதிக்காமல் மெல்ல ஏறுகிறதா, ஃபேன் நின்று எஞ்சின் சூடேறிய பிறகு மட்டும் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். அக்காவுக்குக் கணக்குச் சொல்லும்போது வயர் இரண்டு வெள்ளிகூட ஆகாது, கூலி கண்டுபிடித்ததற்கு. இதை நேராகச் சொல்லிப் பழகுங்கள். சாமான் மாற்றாமல் காசு கேட்க ஆரம்பத்தில் எல்லோருக்கும் கூச்சம்தான்.

படிப்பு, சான்றிதழ்

அடிக்கடி வரும் கேள்வி என்பதால் சுருக்கமாக. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் மூன்று நிலை கொண்டது. நான்காவதும் ஐந்தாவதும் டிப்ளோமா, உயர் டிப்ளோமா. ஐஎல்பி, கியாட்மாரா போன்ற அரசுப் பயிற்சி நிலையங்களில் வாகனத் துறைப் பயிற்சிகள் உண்டு. சேருமுன் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது என்ன நடத்துகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பட்டறையில் வேலை செய்துகொண்டே படிக்கிறவர்களுக்கு எஸ்எல்டிஎன் என்ற முறை இருக்கிறது. பல வருட அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் பிபிடி என்ற முறை வழியாக, செய்த வேலைகளின் ஆதாரங்களைக் காட்டி எஸ்கேஎம் பெறலாம். மேலே சொன்ன நோட்டு அங்கேயும் கைகொடுக்கும்.

நாளைக் காலை காடியை எடுப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். ஸ்கேனரை மாட்டி, எஞ்சினை ஓடவிடாமல் சாவி மட்டும் ஆன் செய்து, கூலண்ட் சூட்டையும் உள்ளே இழுக்கும் காற்றின் சூட்டையும் படியுங்கள். இரவு முழுக்க நின்ற காடியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, நம் ஊரில் 27, 28 என்று இருக்க வேண்டும். பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மீட்டரை எடுத்து ஐந்தாம் படியிலிருந்து ஆரம்பியுங்கள். தெர்மோஸ்டாட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.